இணைய விளையாட்டுகளில் புதியவர்களுக்கான பயிற்சிப் பகுதி

இணைய விளையாட்டு ஒன்றில் புதிதாகச் சேருபவருக்கு அதை இயக்கும் முறையையும் அதன் விதிகளையும் கற்றுக்கொடுக்கும் தொடக்கப் பகுதி பயிற்சிப் பகுதி எனப்படும். ஆட்டக்காரர்களிடையே டுடோரியல் என்ற சொல்லே அதிகம் வழங்குகிறது. கதாபாத்திரத்தை நகர்த்துவது, எதிரியைத் தாக்குவது, பொருள்களைச் சேகரிப்பது, அணியினருடன் சேர்ந்து செயல்படுவது போன்றவை இப்பகுதியில் கற்பிக்கப்படுகின்றன. சில விளையாட்டுகளில் இது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிலவற்றில் பல மணி நேரம் நீளும்.

விதிகளைச் சொல்லி முடிப்பது மட்டும் பயிற்சிப் பகுதியின் வேலை அன்று. பிறர் உதவியின்றித் தானே விளையாட முடியும் என்ற நிலைக்குப் புதியவரைக் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். எல்லா விதிகளையும் படித்த பிறகும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் திகைத்து நின்றால், அந்தப் பயிற்சி பயன்படவில்லை என்றே கொள்ள வேண்டும். தனியாக விளையாடும் கணினி விளையாட்டுகளைவிட இணைய விளையாட்டுகளில் இந்தப் பணி கடினமானது. அங்கே எதிரிலும் பக்கத்திலும் இருப்பவர்கள் உண்மையான மனிதர்கள் என்பதே இதற்குக் காரணம்.

புதியவர்கள் விலகுவதற்கான காரணங்கள்

இன்று பெரும்பாலான இணைய விளையாட்டுகளைக் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளை யாரும் உடனே தூக்கி எறிவதில்லை. பிடிக்காவிட்டாலும் சில நாள் முயன்று பார்ப்பார்கள். இலவசமாகக் கிடைத்த விளையாட்டுக்கு அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. சில நிமிடங்களில் ஆர்வம் பிறக்காவிட்டால் புதியவர் அதை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடிச் செல்கிறார். அவ்வாறு விலகுவதற்குப் பொதுவான காரணங்கள் பின்வருமாறு:

1. தகவல் மிகுதி: திரையில் ஒரே நேரத்தில் பல பொத்தான்கள், எண்கள், அறிவிப்புகள் தோன்றுகின்றன. எதை முதலில் பார்ப்பது என்று தெரிவதில்லை.

2. நோக்கம் புலப்படாமை: "இங்கே அழுத்துக" என்ற கட்டளைக்கு ஏற்ப அழுத்துகிறார், ஏன் அழுத்தினோம் என்பது விளங்குவதில்லை.

3. தொடர் தோல்வி: பயிற்சி முடிந்த உடனே பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களோடு மோத நேர்கிறது. எப்படித் தோற்றோம் என்பதுகூடத் தெரியாமல் தோற்கிறார்.

4. அவமதிப்பு: அணியாக விளையாடும்போது ஒருவரின் தவறு மற்றவர்களையும் பாதிக்கிறது. அனுபவசாலிகளின் ஏச்சுப் பேச்சைக் கேட்கும் புதியவர் மீண்டும் வரத் தயங்குகிறார்.

5. சலிப்பு: ஏற்கெனவே இதுபோன்ற விளையாட்டுகளை ஆடிப் பழகியவருக்கு, நகர்வது எப்படி என்பதிலிருந்து தொடங்கும் நீண்ட பாடம் எரிச்சலூட்டுகிறது.

முதல் இரண்டும் கடைசியும் பாடம் நடத்தும் முறையைச் சார்ந்தவை. மூன்றாவதும் நான்காவதும் பிற ஆட்டக்காரர்களைச் சார்ந்தவை. பாடத்தை மட்டும் செம்மைப்படுத்திவிட்டு மற்ற ஆட்டக்காரர்களை மறந்துவிடும் விளையாட்டுகள் புதியவர்களைத் தக்கவைத்துக்கொள்ள முடிவதில்லை.

வரலாறு

1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் நாணயம் போட்டு விளையாடும் இயந்திரங்களில் விதிகள் ஓரிரு வரிகளில் இயந்திரத்தின் மீதே அச்சிடப்பட்டிருந்தன. வீட்டுக்கு வாங்கிச் சென்ற விளையாட்டுகளுடன் கையேடு ஒன்று தரப்பட்டது. கையேட்டைப் படித்துவிட்டு விளையாடத் தொடங்குவது அன்றைய வழக்கம்.

விளையாட்டின் அமைப்பையே பாடமாக்குவதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1985-ல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆகும். சிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ஆகியோர் இதை வடிவமைத்தனர். முதல் நிலையின் தொடக்கத்தில் மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார்; வலப்பக்கம் வெற்றிடமாக இருக்கிறது. ஆகவே வலப்பக்கம் செல்ல வேண்டும் என்பது சொல்லாமலே புரிகிறது. சற்றுத் தொலைவில் ஓர் எதிரி மெதுவாக எதிரே வருகிறது. அதைத் தொட்டால் மாரியோ உயிரிழப்பார். ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளே ஆகியிருப்பதால் இழப்பு பெரிதன்று. அடுத்த முறை ஆட்டக்காரர் தாண்டிக் குதிக்கிறார். கேள்விக்குறி போட்ட கட்டையை முட்டினால் காளான் ஒன்று வெளிவந்து வலப்பக்கம் நகர்கிறது; அங்குள்ள குழாயில் மோதித் திரும்பி மாரியோவை நோக்கியே வருகிறது. விலக நினைத்தாலும் விலகுவது கடினம். காளான் பட்டதும் மாரியோ பெரியவராகிறார். காளான் நன்மை தருவது என்ற பாடம் இவ்வாறு ஒரு சொல்லும் இல்லாமல் முடிகிறது.

இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுவது 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் ஆகியோர் உருவாக்கிய மட் என்ற எழுத்துவழி விளையாட்டு. பிற்காலத்தில், 1996-ல், ரிச்சர்ட் பார்ட்டில் இத்தகைய விளையாட்டுகளை ஆடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்: சாதிக்க விரும்புவோர், புதிய இடங்களைத் தேட விரும்புவோர், பிறருடன் பழக விரும்புவோர், பிறரை வீழ்த்த விரும்புவோர். ஒரே பாடம் எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதை இந்தப் பகுப்பு உணர்த்துகிறது.

2000-க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் உலவும் விளையாட்டுகள் பெருகின. 2004-ல் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் தேர்ந்தெடுக்கும் இனத்துக்கு ஏற்பத் தொடக்கப் பகுதிகள் இருந்தன. பல விரிவாக்கங்கள் வந்து சேர்ந்த பின்னர் புதியவர்களுக்கு அந்த உலகம் குழப்பமாகிவிட்டது. எனவே 2020-ல் எக்ஸைல்ஸ் ரீச் என்ற புதிய தொடக்கத் தீவு சேர்க்கப்பட்டது. முதல் நிலையிலிருந்து பத்தாம் நிலை வரை ஆட்டக்காரர் அங்கே கற்கிறார். தீவின் கடைசிக் கட்டம் குழுவாகச் சேர்ந்து முடிக்கும் வகையில் அமைக்கப்பட்ட ஒரு சிறு கோட்டை. முதன்மை உலகில் பின்னர் எதிர்கொள்ளப்போகும் குழு ஆட்டத்துக்கு அது ஒத்திகையாகும்.

கல்வியியல் அடிப்படை

பயிற்சிப் பகுதி வடிவமைப்பில் பயன்படும் கருத்துகள் பல வகுப்பறையில் நெடுங்காலமாக அறியப்பட்டவை.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, ஒரு குழந்தை தானே செய்யக்கூடியதற்கும் பெரியவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பதைச் சுட்டிக்காட்டினார். கற்றல் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஏற்கெனவே தெரிந்ததைக் கற்பித்தால் சலிப்பு ஏற்படும். எட்டாததைக் கற்பித்தால் அச்சம் ஏற்படும். 1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் இத்தகைய துணையைக் கட்டடம் எழுப்பும்போது கட்டும் சாரத்துக்கு ஒப்பிட்டனர். சுவர் உறுதியானதும் சாரம் பிரிக்கப்படும். பயிற்சிப் பகுதியில் தோன்றும் அம்புக்குறிகள், ஒளிரும் பொத்தான்கள், குறிப்புகள் எல்லாம் சாரங்களே. அவை எப்போது வர வேண்டும் என்பதைப் போலவே எப்போது விலக வேண்டும் என்பதும் முக்கியம்.

மனிதரின் குறுகியகால நினைவில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு செய்திகள் தங்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். அந்த எண்ணிக்கை நான்கை ஒட்டியதே என்று பிந்தைய ஆய்வுகள் கூறுகின்றன. பத்துப் பொத்தான்களை ஒரே மூச்சில் விளக்கும் பாடம் ஏன் மனத்தில் நிற்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர், ஒரு செயலின் சவாலும் செய்பவரின் திறமையும் சமமாக இருக்கும்போது அவர் நேரம் போவது தெரியாமல் அதில் ஒன்றிவிடுகிறார் என்று விளக்கினார். விளையாட்டின் கடினம் ஆட்டக்காரரின் திறமையோடு சேர்ந்தே உயர வேண்டும் என்ற வடிவமைப்பு விதிக்கு இக்கருத்து அடிப்படையாகிறது.

2006-ல் ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ப்ரிசிபில்ஸ்கி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, மக்களை விளையாட்டுகளின் பக்கம் ஈர்க்கும் மூன்று தேவைகளைப் பற்றிப் பேசுகிறது: "என்னால் முடிகிறது" என்ற திறன் உணர்வு, "நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்ற தன்னுரிமை, பிறரோடு கொள்ளும் உறவு. இம்மூன்றையும் சிறிதளவேனும் முதல் அமர்விலேயே தரும் பயிற்சிப் பகுதி வெற்றி பெறுகிறது.

வடிவமைப்புக் கொள்கைகள்

ஒரு நேரத்தில் ஒரு பாடம்

2007-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டல் விளையாட்டில், சுவரில் இரண்டு வாயில்களை உண்டாக்கி ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவருவதே அடிப்படை. இந்தக் கருத்து புதியவருக்கு எளிதில் பிடிபடாதது. எனவே முதல் அறைகளில் வாயில்கள் தாமாகவே திறந்து மூடுகின்றன. ஆட்டக்காரர் நுழைந்து பார்த்தால் போதும். பிறகு ஒரு வாயிலை மட்டும் உண்டாக்கும் கருவி கைக்கு வருகிறது. அதில் பழகிய பின்னரே இரண்டு வாயில்களையும் உண்டாக்கும் ஆற்றல் கிடைக்கிறது. ஒவ்வோர் அறையும் ஒரு பாடமாகவும் அதற்கான தேர்வாகவும் அமைகிறது. இது தனியாள் விளையாட்டு எனினும், படிப்படியாகக் கற்பிப்பதற்கு எல்லா வகை விளையாட்டுக்கும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளத்தக்கது.

படிப்பதைவிடச் செய்வது

2009-ல் பாப்கேப் வெளியிட்ட பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ் விளையாட்டை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஃபேன். விளையாட்டுப் பழக்கமே இல்லாத தம் தாயாரும் ஆடி முடிக்கும்படி அதை எவ்வாறு அமைத்தார் என்பதை 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினார். பயிற்சியைத் தனிப் பகுதியாகப் பிரிக்காமல் விளையாட்டோடு கலந்துவிட வேண்டும். படிக்க வைப்பதைவிட ஒருமுறை செய்ய வைப்பது மேல். திரையில் ஒரே நேரத்தில் எட்டுச் சொற்களுக்கு மேல் தோன்றக் கூடாது என்பவை அவர் கூறிய வழிமுறைகளுள் சில.

அந்த விளையாட்டின் முதல் நிலையில் தோட்டத்தில் ஒரே ஒரு வரிசையில்தான் புல் இருக்கும். நடுவதற்கு ஒரே வகைச் செடிதான். அடுத்த நிலையில் மூன்று வரிசைகள் ஆகின்றன. பின்னர் ஐந்து. ஆட்டக்காரர் தாம் பாடம் படிப்பதாகவே நினைப்பதில்லை; விளையாடிக்கொண்டிருப்பதாகவே நினைக்கிறார்.

தேவைப்படும்போது மட்டும் குறிப்பு

தவறு செய்பவருக்கு மட்டும் குறிப்புத் தோன்றுவது நல்ல முறை. ஒருவர் சரியாகவே செய்துகொண்டிருந்தால் அவரை நிறுத்தி விளக்கம் சொல்லத் தேவையில்லை. சில நொடிகள் எதுவும் செய்யாமல் நின்றாலோ ஒரே தவறைத் திரும்பச் செய்தாலோ சிறு குறிப்பு வரலாம். நல்லாசிரியர் வகுப்பில் எல்லாரையும் நிறுத்தாமல் தடுமாறும் மாணவரின் மேசைக்கு அருகில் மட்டும் சென்று நிற்பதற்கு இதை ஒப்பிடலாம்.

முன்பே தெரிந்ததைப் பயன்படுத்துதல்

சிவப்பு ஆபத்தைக் குறிக்கும். இதய வடிவம் உயிரைக் குறிக்கும். பூட்டு வடிவம் இன்னும் திறக்கவில்லை என்பதைக் குறிக்கும். இவற்றை விளக்க வேண்டியதில்லை. படமும் நிறமும் ஒலியும் சொல்லிவிடக்கூடியதைச் சொற்களில் எழுதாமலிருப்பது மொழி தெரியாதவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உதவியாக இருக்கும்.

அஞ்சாமல் தவறு செய்ய இடம்

தவறிலிருந்து கற்க வேண்டுமானால் தவறின் விலை குறைவாக இருக்க வேண்டும். தோற்றவுடன் அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்க முடிவதும், தோல்விக்கான காரணம் கண்ணுக்குத் தெரிவதும் முக்கியம். "மீண்டும் முயல்க" என்று மட்டும் சொல்வதைவிட, எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்று காட்டுவது பயன் தரும்.

தவிர்த்துச் செல்லும் வழி

அனுபவம் உள்ளவர் பயிற்சியைத் தாண்டிச் செல்லவும், தாண்டியவர் தேவைப்பட்டால் திரும்பி வந்து படிக்கவும் வழி இருக்க வேண்டும். சில நாள் இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கு மறந்துபோனவற்றை நினைவூட்டும் வசதியும் தேவை.

எடுத்துக்காட்டு: இணையவழிச் சதுரங்கம்

மேற்கண்ட கொள்கைகளைச் சதுரங்கத்தில் எளிதாகக் காணலாம். சதுரங்கத்தின் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்த ஒருவரால் உடனே விளையாட முடியாது. 2010-ல் தொடங்கப்பட்ட லிசெஸ் என்ற கட்டணமற்ற தளத்தில் காய்களைக் கற்பிக்கும் பகுதி ஒன்று உள்ளது. பலகையில் யானை மட்டும் நிற்கும்; சில கட்டங்களில் நட்சத்திரங்கள் இருக்கும். யானையை நகர்த்தி நட்சத்திரங்களைச் சேகரிக்க வேண்டும். யானை நேராகவே செல்லும் என்பதை நகர்த்திப் பார்த்தே அறியலாம். அடுத்து மந்திரி, ராணி, ராஜா, குதிரை, சிப்பாய் என்று பாடங்கள் தனித்தனியே வருகின்றன. பிறகுதான் எதிரியின் காயை வெட்டுவது, தன் காயைக் காப்பது, ஷா வைப்பது, ஆட்டத்தை முடிப்பது ஆகியவை வருகின்றன.

இத்தனை நல்ல பாடத்துக்குப் பின்னும் ஒரு தடை உண்டு. அத்தளத்தில் புதிய கணக்கின் தரப்புள்ளி 1500-ல் தொடங்கும். ஆட்ட முடிவுகளுக்கு ஏற்ப அது ஏறி இறங்கி உண்மையான நிலைக்கு வந்து சேரும். கணக்கியல்படி இது முறையானதே. ஆனால் காய் நகர்த்த மட்டும் தெரிந்த ஒருவர், தம்மைவிட வலிமையானவர்களோடு மோதித் தொடர்ந்து சில ஆட்டங்கள் தோற்ற பின்னரே தமக்கு இணையானவர்களை அடைகிறார். அதற்குள் மனம் தளர்ந்துவிடலாம். இத்தகையோர் முதலில் அத்தளத்திலேயே உள்ள எட்டு நிலைக் கணினி எதிரியில் முதல் நிலையோடு ஆடிப் பழகலாம். செஸ்.காம் தளம் கணக்குத் தொடங்கும்போதே ஆட்டக்காரரின் அனுபவம் எவ்வளவு என்று கேட்டு, அதற்கேற்பத் தொடக்கப் புள்ளியை அமைக்கிறது. ஒரே ஒரு கேள்வி, பல வீணான தோல்விகளைத் தவிர்க்கிறது.

பிற மனிதர்களோடு முதல் சந்திப்பு

பயிற்சி முடிந்து உண்மையான போட்டிக்குள் நுழையும் நேரமே புதியவருக்கு மிகவும் நெருக்கடியான நேரம். இதை எளிதாக்க விளையாட்டு நிறுவனங்கள் பல வழிகளைக் கையாளுகின்றன.

கணினி எதிரிகள்: 2016-ல் சூப்பர்செல் வெளியிட்ட கிளாஷ் ராயல் விளையாட்டில், பிற ஆட்டக்காரர்களோடு மோதுவதற்கு முன் பயிற்சி முகாமில் கணினிப் பயிற்சியாளரோடு சில ஆட்டங்கள் ஆட வேண்டும். நூறு பேர் மோதும் ஃபோர்ட்நைட் விளையாட்டில், கணினியே இயக்கும் ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதாக எபிக் கேம்ஸ் 2019 செப்டம்பரில் அறிவித்தது. திறமை வளர வளர அத்தகைய ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை குறையும். இம்முறையில் ஒரு குறையும் உண்டு. கணினியை வென்றதைத் தம் திறமை என்று நம்பியவர், உண்மையான மனிதரிடம் தோற்கும்போது ஏமாற்றம் அடைகிறார். எதிரில் இருப்பது கணினி என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

தேர்வுகளைக் குறைத்தல்: ஐவர் அணிகளாக மோதும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், டோட்டா 2 போன்ற விளையாட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கதாபாத்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திறன்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் புதியவருக்குத் தலை சுற்றும். எளிதான சில கதாபாத்திரங்களை மட்டும் முதலில் கொடுத்துப் படிப்படியாக மற்றவற்றைத் திறப்பது நல்லது.

மூத்தவர் துணை: ஃபைனல் ஃபேண்டசி 14 விளையாட்டு 2010-ல் வெளியாகி வரவேற்புப் பெறாமல், முழுவதும் மாற்றி அமைக்கப்பட்டு 2013-ல் மீண்டும் வெளியானது. அதில் புதியவரின் பெயருக்கு அருகில் ஓர் இளந்தளிர்ச் சின்னம் தோன்றும். இவர் புதியவர், பொறுமையாக இருங்கள் என்பதே அதன் பொருள். வழிகாட்டும் தகுதி பெற்ற மூத்தவர்களுக்குக் கிரீடச் சின்னம் உண்டு. இரு தரப்பினரும் பேசிக்கொள்ளத் தனி உரையாடல் தடமும் உள்ளது. குழுவாகச் செல்லும் ஒரு கட்டத்தில் முதல்முறை வருபவர் இருந்தால் குழுவுக்குக் கூடுதல் பரிசு கிடைக்கிறது. புதியவர் சுமையாகத் தெரியாமல் நன்மையாகத் தெரியும்படி விதியே அமைந்திருக்கிறது. அணியில் காப்பவர், குணப்படுத்துபவர், தாக்குபவர் ஆகியோரின் கடமைகளைப் பழகிக்கொள்ளத் தனிப் பயிற்சிக் கூடமும் உண்டு.

ஆட்டக்காரர்கள் நடத்தும் பள்ளி: ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன், விண்வெளியில் நடக்கும் வணிகமும் போரும் கலந்த விளையாட்டு. கற்பதற்குக் கடினமானது என்று பெயர் பெற்றது. கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். இந்த உலகில் ஆட்டக்காரர்களே 2004-ல் ஈவ் யுனிவர்சிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினர். புதியவர்களுக்கு வகுப்பு நடத்துவதும் அவர்களைக் குழுவாக அழைத்துச் சென்று பழக்குவதும் இதன் பணி. நிறுவனம் எழுதிய பாடத்தால் மட்டும் தீராத குறையை மனித உறவு தீர்க்கும் என்பதற்கு இது சான்று.

அளவீடும் சோதனையும்

பயிற்சிப் பகுதி பயன்படுகிறதா என்பதை அறியத் தக்கவைப்பு விகிதம் என்ற அளவு பயன்படுகிறது. ஒரு நாளில் நூறு பேர் புதிதாகச் சேர்ந்தால், அவர்களில் எத்தனை பேர் மறுநாள் திரும்பி வருகிறார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்று கணக்கிடப்படுகிறது. பயிற்சியின் ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதும் கணக்கிடப்படும். நான்காம் படி வரை 90 பேர் வந்து ஐந்தாம் படியில் 60 பேர் மட்டுமே எஞ்சினால், பிழை ஐந்தாம் படியில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

எந்த இடத்தில் விலகினார்கள் என்பதை எண்கள் காட்டும். ஏன் விலகினார்கள் என்பதைக் காட்டா. அதற்கு, விளையாட்டை முன்பின் அறியாத ஒருவரை அமர்த்தி, அருகிலிருந்து எதுவும் சொல்லாமல் கவனிப்பதே சிறந்த வழி. அவருடைய விரல் எங்கே தயங்குகிறது, எதைப் படிக்காமல் விடுகிறார் என்பதை வடிவமைப்பாளர் நேரில் காணலாம். உதவி செய்யத் துடிக்கும் வாயை அடக்கிக்கொள்வது இதில் கடினமான பகுதி. சொல்லிக்கொடுத்துவிட்டால் பாடத்தின் குறை மறைந்துவிடும்.

இரண்டு வகைப் பயிற்சிகளைத் தயாரித்து, புதியவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் கொடுத்து ஒப்பிடுவது ஏ/பி சோதனை எனப்படும்.

இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வு ஒன்றை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்டனர். 45,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கொண்டு ரிஃப்ராக்‌ஷன், ஹலோ வேர்ல்ட்ஸ், ஃபோல்டிட் ஆகிய மூன்று விளையாட்டுகளில் சோதனை நடந்தது. இவற்றுள் ஃபோல்டிட் புரதங்களின் வடிவத்தைக் கண்டறியும் சிக்கலான புதிர் விளையாட்டு. அதில் பயிற்சி, விளையாடும் நேரத்தை 29 சதவீதம் வரை கூட்டியது. எளிமையான மற்ற இரண்டிலும் பயிற்சியால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் தெரியவில்லை. ஆடிப் பார்த்தே கற்றுக்கொள்ளக்கூடிய விளையாட்டுக்குப் பெரிய பாடம் தேவையில்லை. பிற அனுபவங்களிலிருந்து ஊகிக்க முடியாத புதுமை உள்ள விளையாட்டுக்கே அது தேவை என்பது இதன் மூலம் தெளிவாகிறது. பயிற்சிப் பகுதி அமைக்கும் முன், அது தேவைதானா என்று கேட்டுக்கொள்வதே முதல் படி.

பொதுவான தவறுகள்

- மூத்த ஆட்டக்காரர்களின் கருத்தை மட்டும் கேட்டுப் பயிற்சியை அமைப்பது. தமக்கு எது தெரியாமலிருந்தது என்பதை அவர்கள் மறந்திருப்பார்கள்.

- ஆட்டக்காரரின் கையைப் பிடித்து அழுத்த வைப்பது. ஒளிரும் இடத்தை மட்டும் தொட முடியும் என்றால் அவர் தொடுவாரே தவிர, சிந்திக்க மாட்டார். ஒளி நின்றதும் திகைப்பார்.

- விளையாட்டின் சுவையான பகுதியைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பது. முதல் சில நிமிடங்களிலேயே அதில் ஒரு துளியைக் காட்டாவிட்டால், புதியவர் அதைக் காணாமலே போய்விடுவார்.

- புதிய வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போய்ப் பழைய பயிற்சியை மாற்றாமல் விடுவது. சில ஆண்டுகளில் பயிற்சியில் காட்டும் விளையாட்டும் உண்மையான விளையாட்டும் வேறு வேறாகிவிடும்.

அறமும் எல்லையும்

தக்கவைத்தல் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. புரிந்ததாலும் பிடித்ததாலும் ஒருவர் திரும்பி வருவது ஒன்று. விட முடியாதபடி கட்டிப்போடப்பட்டதால் வருவது மற்றொன்று. முப்பதாம் நாள் கணக்கில் இரண்டும் ஒரே எண்ணாகவே பதிவாகும். எனவே எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு பயிற்சிப் பகுதி நல்லது என்று முடிவு செய்ய இயலாது.

சில இலவச விளையாட்டுகளின் பயிற்சிப் பகுதியில், சில வைரங்களை இனாமாகக் கொடுத்து, அவற்றைச் செலவழித்துக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்படி சொல்கிறார்கள். அங்கே கற்பிக்கப்படுவது விளையாட்டு மட்டுமன்று, செலவழிக்கும் பழக்கமும்தான். இனாம் தீர்ந்ததும் அதே பொத்தான் உண்மையான பணத்தைக் கேட்கும். பொத்தான்களின் அமைப்பு ஆட்டக்காரர்களை விரும்பாத கொள்முதலுக்கு இட்டுச் சென்றது என்ற குற்றச்சாட்டில், ஃபோர்ட்நைட் தொடர்பாக எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அத்தொகை பாதிக்கப்பட்டோருக்குத் திருப்பித் தரப்படுவதற்கானது. கட்டுப்பாடின்றி விளையாடும் நிலையை உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் சேர்த்துள்ளது. அப்பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

ஆகவே ஒரு நல்ல பயிற்சிப் பகுதி, எப்படி விளையாடுவது என்பதோடு எப்படி நிறுத்துவது என்பதையும் காட்டலாம். ஆட்டத்தை இடையில் சேமிக்கும் முறை, பணம் செலவாகும் பொத்தான் எது, தொல்லை தருபவரைத் தடுப்பதும் புகார் செய்வதும் எப்படி, பெற்றோர் கட்டுப்பாடு எங்கே உள்ளது ஆகியவை முதல் நாளிலேயே தெரிய வேண்டியவை. குறிப்பாகச் சிறுவர்கள் ஆடும் விளையாட்டுகளில் இவற்றைப் பட்டியலின் அடியில் மறைத்துவைக்கக் கூடாது.

பயிற்சிப் பகுதியை மதிப்பிட எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சி முடித்த ஒருவரிடம், விளையாட்டை அறியாத மற்றொருவருக்கு அதை விளக்கும்படி கேட்க வேண்டும். எதை நோக்கி விளையாடுகிறோம், எதனால் வென்றோம், எதனால் தோற்றோம் என்று தம் சொற்களில் அவர் சொல்ல முடிந்தால், சாரத்தைப் பிரித்துவிடலாம். மறுநாள் அவர் விளையாட வருவாரா என்பது அவருடைய விருப்பம். வந்தாலும் வராவிட்டாலும், தெரியாததால் விலகினார் என்ற நிலை இராது.